நெல்லில் வந்திருப்பது லட்சுமி இல்லை



கொஞ்சம் நீளமான பதிவு. கைபேசியில் ஓடிக்கொண்டே வாசிக்காமல், உட்கார்ந்து வாசியுங்கள். தாவரவியல் டீச்சர் ஓய்வு பெற்றாலும் வாய் ஓயவில்லை என்று சிலர் சொல்வீர்கள். சொல்லிக்கொள்ளுங்கள்.

போன வாரம் நம் பழைய மாணவர் குழுவில் ஒருவர் தன் வயலில் எடுத்த படம் ஒன்றைப் போட்டிருந்தார். வத்திராயிருப்புப் பக்கத்து வயல். முற்றப்போகும் நெற்கதிர், அதில் ஆறேழு மணிகளுக்குப் பதிலாக மஞ்சள் நிறத்தில் வெல்வெட்டுத் துணி போர்த்தியதுபோல உருண்டைகள். அதன் கீழே வரிசையாகக் கைகூப்பும் பொம்மைகள். "லட்சுமி கண் திறந்துட்டா", "இந்த வருஷம் களம் நிறையும்", "படத்தைப் பூஜை அறையில் வை மாப்ளே" என்றெல்லாம் வாழ்த்து. வாழ்த்தியவர்களில் என்னிடம் பிளஸ் டூ படித்த நான்கு பேராவது உண்டு. அவர்களுக்காகத்தான் முதலில் இதை எழுதுகிறேன்.

அந்த உருண்டைக்கு நெற்பழ நோய் என்று பெயர். மஞ்சள் கரிப்பூட்டை என்றும் சொல்வார்கள். நம் ஊர்ப் பெரியவர்கள் வைத்த பெயர் லட்சுமி நோய். உண்டாக்குவது ஒரு பூஞ்சை. பெயர் உஸ்டிலாஜினாய்டியா வைரன்ஸ். இந்தப் பூஞ்சைக்கும் நமக்கும் பழைய உறவு உண்டு. உலகத்திலேயே முதன்முதலில் இதைப் பதிவு செய்தது 1878-இல், லண்டனில் இருந்த மார்டிகாய் கியூபிட் குக் என்ற பூஞ்சை ஆய்வாளர். அவர் கைக்குப் போன நெற்கதிர் எங்கிருந்து போனது தெரியுமா? திருநெல்வேலியிலிருந்து. அப்போது ஸ்ரீவில்லிபுத்தூர் தாலுகா திருநெல்வேலி ஜில்லாவில்தான் இருந்தது. 1910-இல் ராமநாதபுரம் ஜில்லா பிரிந்தபோது அதனோடு போனோம். 1985-இல்தான் விருதுநகர் தலைமையிலான மாவட்டம் வந்தது. ஆக, உலகப் புத்தகங்களில் இந்த நோய்க்குப் பிறந்த ஊராக எழுதியிருப்பது நம் பழைய ஜில்லா. பால்கோவாவுக்கும் ஆண்டாள் கோபுரத்துக்கும் பெருமைப்படுகிற நாம் இதையும் தெரிந்து வைத்துக்கொள்ளலாம், தப்பில்லை.

சரி, லட்சுமி என்று ஏன் பெயர் வந்தது? முன்னோர்கள் முட்டாள்கள் இல்லை. அவர்கள் கண்ணால் பார்த்ததைச் சொன்னார்கள். மழை நன்றாகப் பெய்து, கண்மாய் நிறைந்து, பயிர் கருகருவென்று வந்த வருஷத்தில்தான் இந்த மஞ்சள் உருண்டை கண்ணில் படும். காய்ந்த வருஷத்தில் படாது. அதனால் உருண்டை வந்தால் மகசூல் வரும் என்று முடிவு கட்டினார்கள். பூக்கும் நேரத்தில் தூறலும், ஈரக்காற்றும், மார்கழிப் பனியும் பூஞ்சைக்கும் வேண்டும். நல்ல தண்ணீரும் நல்ல உரமும் பயிருக்கும் வேண்டும். இரண்டும் ஒரே வருஷத்தில் அமைந்துவிடுகிறது, அவ்வளவுதான். கல்யாண வீட்டில் கூட்டமும் இருக்கும், செருப்புத் திருடனும் இருப்பான். செருப்புத் திருடன் வந்ததால்தான் கல்யாணம் நடந்தது என்று யாராவது சொல்வோமா?

அந்தக் காலத்தில் ஒரு வயலுக்கு நாலு உருண்டை வந்துபோயிருக்கும். அதற்கு ஒரு நல்ல பெயர் வைத்துச் சந்தோஷப்பட்டதில் பெரிய நஷ்டம் இல்லை. இப்போது அப்படி இல்லை. உரம் கூடிய, நெருக்கி நட்ட வயல்களில் கதிருக்குக் கதிர் வருகிறது. இப்போதும் அந்தப் பெயரையே சொல்லி வாழ்த்துவது, காய்ச்சல் வந்த பிள்ளையின் கன்னம் சிவந்திருப்பதைப் பார்த்து "நல்ல களையா இருக்கான்" என்று சொல்வதுபோல.

இனி பயிருக்குள் என்ன நடக்கிறது என்று பார்ப்போம். எனக்குப் பிடித்த இடம் இதுதான். வகுப்பில் வளர்சிதை மாற்றம் என்று நடத்தினால் பாதிப் பேர் ஜன்னல் வழியாகச் செண்பகத்தோப்பு மலையைப் பார்த்துக்கொண்டிருப்பீர்கள். இப்போதாவது கவனியுங்கள்.

நெல் மணியில் சேரும் மாவுச்சத்தில் பெரும்பங்கு கண்ணாடி இலை சம்பாதித்துக் கொடுப்பது. கதிருக்கு ஒட்டி மேலே நிற்கும் கடைசி இலையைத்தான் நம் சம்சாரிகள் கண்ணாடி இலை என்பார்கள். அது வெயிலில் சர்க்கரை சமைக்கிறது. அந்தச் சர்க்கரை தண்டு வழியாகக் கதிருக்கு வருகிறது. எந்தப் பூ கருவுற்றதோ அந்தப் பூ "எனக்கு வேண்டும்" என்று இழுத்துக்கொள்கிறது. சர்க்கரை உள்ளே போய் மாவுச்சத்தாக மாறும் அந்த நாட்களைத்தான் பால் பிடிக்கிறது என்கிறோம். கருவுறாத பூ கேட்காது, அதற்குப் போகாது, பதராகிவிடும். செடியின் கணக்கு இவ்வளவு தெளிவு. பிள்ளை இல்லாத தொட்டிலுக்குப் பால் ஊற்றாது.

நெற்பழப் பூஞ்சை இந்தக் கணக்கில்தான் கை வைக்கிறது. கதிர் வெளியே வருமுன், பொதியில் இருக்கும்போதே, உமிகளின் இடைவெளி வழியாக உள்ளே நுழைகிறது. இலையைத் தின்னாது, தண்டைத் துளைக்காது. நேராகப் போய் மகரந்தக் கம்பிகளைப் பிடிக்கிறது. மகரந்தம் கெட்டுப்போகிறது. அந்தப் பூ கருவுறுவதில்லை. நியாயமாகப் பார்த்தால் அது பதராகியிருக்க வேண்டும். ஆனால் ஆகவில்லை. சீன ஆய்வாளர்கள் 2015-இல் வெளியிட்ட ஓர் ஆய்வில் இதை மரபணு அளவில் பார்த்தார்கள். கருவே உண்டாகாத அந்தப் பூவில், மணி நிரம்பும்போது மட்டும் வேலை செய்ய வேண்டிய மரபணுக்கள் விழித்துக்கொண்டு வேலை செய்துகொண்டிருந்தன. மாவுச்சத்து சேர்க்கும் மரபணு, சேமிப்புப் புரதம் செய்யும் மரபணு எல்லாம். அதாவது செடி அந்தப் பூவில் பிள்ளை இருக்கிறது என்று நம்பிச் சத்தை அனுப்பிக்கொண்டே இருக்கிறது. உள்ளே வாங்கித் தின்பது பூஞ்சை. தின்று கொழுத்துத்தான் நெல்மணியைவிடப் பெரிய உருண்டையாக உமியைப் பிளந்து வெளியே வருகிறது. முதலில் மஞ்சளும் ஆரஞ்சும், பிறகு பாசிப்பச்சை, கடைசியில் கருப்பு. தொட்டால் கையில் ஒட்டும் தூள் அத்தனையும் அதன் வித்துகள்.

காக்காய்க் கூட்டில் குயில் முட்டையிடும் கதை உங்களுக்குத் தெரியும். காக்காய் தன் குஞ்சென்று நினைத்து ஊட்டும். இங்கே கண்ணாடி இலைதான் காக்காய். அந்தப் படத்தில் நீங்கள் கும்பிட்டது குயில் குஞ்சை. உங்கள் வீட்டுப் பிள்ளைக்குப் போக வேண்டிய சாப்பாட்டைத் தின்றுகொண்டிருந்ததை. உருண்டை வந்த கதிரில் பக்கத்து மணிகளை நசுக்கிப் பாருங்கள். பல மணிகள் பொக்காக இருக்கும். நஷ்டம் அந்த ஆறேழு மணியோடு முடிவதில்லை.

சத்தைத் திருடுவதோடும் நிற்கவில்லை. அந்த உருண்டைக்குள் உஸ்டிலாக்சின் என்ற நச்சைப் பூஞ்சை செய்து வைக்கிறது. செல் பிரியும்போது குரோமோசோம்களை இரண்டு பக்கமும் இழுக்கும் கதிர்கோல் இழைகள் நினைவிருக்கிறதா? வெங்காய வேர் நுனியை நசுக்கிக் கண்ணாடித் தகட்டில் பார்த்தோமே. அந்த இழைகள் உருவாகாமல் தடுக்கும் நச்சு இது. நம் வீட்டு வாசலில் பூக்கும் நித்தியகல்யாணியிலும் அதே வேலை செய்யும் பொருள் உண்டு. அதை அளந்து கொடுத்தால் ரத்தப் புற்றுநோய்க்கு மருந்து. அளக்காமல் தின்றால் மருந்தில்லை. உஸ்டிலாக்சின் கொடுத்த எலிகளுக்கு ஈரலும் சிறுநீரகமும் கெட்டதை ஆய்வகத்தில் பார்த்திருக்கிறார்கள். ஆகவே உருண்டை கலந்த நெல்லைக் "கோழிதானே தின்னப் போகுது" என்று அள்ளிப் போடுவதில் எனக்குச் சம்மதமில்லை.

தானியப் பூஞ்சை விஷம் நம் நாட்டுக்குப் புதிது இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். 1974-இல் ராஜஸ்தான், குஜராத் பழங்குடிக் கிராமங்களில் பூஞ்சை பிடித்த மக்காச்சோளம் தின்று 100-க்கும் மேற்பட்டோர் ஈரல் கெட்டு இறந்துபோனார்கள். அது அஸ்பர்ஜில்லஸ் பூஞ்சை, அஃப்ளாடாக்சின் நச்சு. நம் பக்கம் மானாவாரியில் மக்காச்சோளம் போடுகிறவர்கள், மழையில் நனைந்த கதிரைக் காயாமலே மூட்டை கட்டி அடுக்குகிறீர்கள். அது தனிப்பதிவுக்கு உரிய விஷயம். இன்றைக்கு நெல்லோடு நிறுத்திக்கொள்கிறேன்.

அடுத்து யூரியா. இதில்தான் எனக்கும் உங்களில் பலருக்கும் சண்டை வரும்.

பயிருக்குத் தழைச்சத்து கூடினால் இலை கருகருவென்று இருக்கும். பார்க்க அழகு. ஆனால் உள்ளே என்ன ஆகிறது? செடி அந்தத் தழைச்சத்தை எல்லாம் உடனே புரதமாகக் கட்டி முடிக்க முடியாது. கரையும் அமினோ அமிலங்களாக இலைச்சாற்றில் மிதக்கும். செல் சுவர் மெலியும். நெல்லுக்கு இயற்கையாகக் கவசம் போலிருக்கும் சிலிக்கா குறையும். பூஞ்சைக்கு இதைவிட என்ன வேண்டும்? கதவும் திறந்திருக்கிறது, இலையும் போட்டிருக்கிறது. நெற்பழ நோய்க்கும் குலைநோய்க்கும் இது பொது.

குலைநோய்ப் பூஞ்சை இலைக்குள் நுழையும் விதம் தெரிந்தால் ஆச்சரியப்படுவீர்கள். வித்து இலையில் விழுந்து, பனி ஈரத்தில் முளைத்து, ஒரு சின்னக் கும்பா போல உப்பும். தான் கட்டிச்சோறாகக் கொண்டு வந்த கொழுப்பையும் கிளைக்கோஜனையும் உடைத்துக் கிளிசராலாக மாற்றும். சருமத்துக்குத் தடவுகிறோமே, அதே கிளிசரால். அது தண்ணீரை இழுக்கும். கும்பாவின் சுவரில் மெலனின் பூசியிருப்பதால் கிளிசரால் வெளியே கசியாது. உள்ளே அழுத்தம் ஏறிக்கொண்டே போகும். கார் டயரில் இருக்கும் அழுத்தத்தைப்போலச் சுமார் 40 மடங்கு. அந்த அழுத்தத்தில் ஒரு முள்ளை இலைக்குள் இறக்கும். கடையில் வாங்கும் டிரைசைக்ளசோல் மருந்து செய்வது அந்த மெலனின் பூச்சைத் தடுப்பது மட்டும்தான். பூச்சு இல்லையென்றால் அழுத்தம் ஏறாது, முள் இறங்காது. சரி, முள் இறங்கி, இலையில் கண் வடிவப் புள்ளி வந்த பிறகு அதே மருந்தை அடித்தால்? புதிய புள்ளி வராமல் பார்த்துக்கொள்ளும். வந்த புள்ளி வந்ததுதான். அந்த இடத்தில் ஒளிச்சேர்க்கை போய்விட்டது. சுற்றியிருக்கும் திசு மூச்சிரைக்கிற மாதிரி வேகமாகச் சுவாசித்து, இருக்கிற சர்க்கரையையும் எரித்துத் தீர்க்கும். கழுத்துக் குலைநோய் வந்தால் கதிருக்குப் போகும் குழாயே அடைபட்டுவிடும். 1919-இல் தஞ்சாவூர் டெல்டாவைப் புரட்டிப்போட்டது இதே நோய்தான். இன்றைக்கு நாம் எல்லோரும் ருசிக்காகத் தேடும் ஆந்திரா பொன்னி, அதாவது பி.பி.டி. 5204, குலைநோய்க்கு ரொம்பவே இளகிய இரகம். அதற்கு யூரியாவையும் கூட்டிப் போட்டால் வேறு என்ன நடக்கும்?

உடனே ஒரு பிள்ளை கேட்பான், "அப்போ உரமே போட வேண்டாமா டீச்சர்?" என்று. இயற்கை விவசாயக் கூட்டம் ஒன்றில் இதே கேள்விக்கு "வேண்டவே வேண்டாம்" என்று ஒருவர் மேடையில் சொன்னதைக் கேட்டேன். எனக்கு அதுவும் உடன்பாடு இல்லை. நெல்லுக்குப் பழுப்புப் புள்ளி நோய் என்று இன்னொன்று உண்டு. அதுவும் பூஞ்சைதான். அது வருவது பட்டினி கிடக்கும் பயிருக்கு. பொட்டாஷ் இல்லாத, சத்துச் செத்த, தண்ணீர் நிற்காத மண்ணில் அது தலைவிரித்து ஆடும். 1942-இல் வங்காளத்தில் நெல்லை அழித்த நோய் அது. அடுத்த வருஷம் அங்கே நடந்த பஞ்சத்துக்குப் போரும் பதுக்கலும் ஆட்சியும் எவ்வளவு காரணம், நோய் எவ்வளவு காரணம் என்று இன்றைக்கும் வாதம் நடக்கிறது. நான் போரையும் ஆட்சியையும்தான் அதிகம் குற்றம் சொல்வேன். ஆனால் பயிர் செத்தது பொய்யில்லை. அதிகம் தின்ற பயிருக்கு ஒரு பூஞ்சை, பட்டினி கிடந்த பயிருக்கு ஒரு பூஞ்சை. சர்க்கரை வியாதிக்கும் சோகைக்கும் ஒரே பத்தியம் சொல்ல முடியுமா?

இடையில் ஒரு கதை. விட மனசில்லை. நாற்றங்காலில் சில நாற்றுகள் மட்டும் வெளிறி, ஒல்லியாக, மற்றதைவிட ஒரு சாண் நெடுநெடுவென்று நிற்கும், பார்த்திருப்பீர்கள். நட்டால் நிற்காது, செத்துவிடும். ஜப்பானியர்கள் அதைப் பைத்தியக்கார நாற்று என்பார்கள். 1926-இல் குரோசாவா என்பவர் தைவானில் ஒரு காரியம் செய்தார். அந்த நோய்ப் பூஞ்சை வளர்ந்த நீரை வடிகட்டி, பூஞ்சை இல்லாமல், நல்ல நாற்றுக்கு விட்டார். நல்ல நாற்றும் நெடுநெடுவென்று வளர்ந்துவிட்டது. அப்படியென்றால் பூஞ்சை ஏதோ ஒரு பொருளை விடுகிறது. யாபுட்டா என்பவர் 1935-இல் அதற்கு ஜிப்ரலின் என்று பெயர் வைத்தார். பிறகுதான் தெரிந்தது, செடியே தனக்குள் அதைச் செய்துகொண்டுதான் இருக்கிறது, அதுதான் செடியின் உயரத்தைத் தீர்மானிக்கிறது என்று. 1966-இல் வந்த ஐ.ஆர்.8 குட்டை நெல் இருக்கிறதே, யூரியா போட்டாலும் சாயாமல் நின்று நம் பட்டினியைத் தீர்த்த நெல், அது குட்டையாக இருந்ததற்குக் காரணம் அதே ஜிப்ரலினைச் செய்யும் மரபணு ஒன்றில் உள்ள குறை. பூஞ்சை நோயைப் பெயர் மனப்பாடம் செய்து ஒரு மதிப்பெண் வாங்கும் விஷயமாகவே நம் பாடப்புத்தகங்கள் வைத்திருக்கின்றன. காரணி, நோய், அறிகுறி என்று மூன்று கட்டம் போட்ட அட்டவணை. அந்த அட்டவணையைக் கிழித்துவிட்டு இந்தக் கதையைப் போடுங்கள் என்று கேட்பேன், என்னைக் கேட்டால். கேட்கமாட்டார்கள்.

யூரியாவுக்கு வருகிறேன். சம்சாரி ஏன் யூரியாவை அள்ளிப் போடுகிறார்? பேராசையாலா, அறியாமையாலா? இரண்டும் இல்லை. 45 கிலோ யூரியா மூட்டை 266 ரூபாய் சொச்சம். பொட்டாஷ் மூட்டை அதைப்போலப் பல மடங்கு. 2010-இல் சத்தின் அடிப்படையில் மானியம் என்று அரசு கொண்டு வந்தபோது யூரியாவை மட்டும் அதற்கு வெளியே, பழைய கட்டுப்பாட்டு விலையிலேயே வைத்தார்கள். மணிச்சத்தும் சாம்பல் சத்தும் விலை ஏறிவிட்டது, யூரியா ஏறவில்லை. கையில் 500 ரூபாய் இருப்பவர் எதை வாங்குவார்? ஒரு சத்தை மலிவாகக் கொடுத்து, மற்றதை எட்டாத விலையில் வைத்துவிட்டு, "சமச்சீர் உரமிடுங்கள்" என்று சுவரில் எழுதி வைப்பது எனக்குக் கோபத்தை உண்டாக்குகிறது. விலையை மாற்றச் சொல்லவில்லை, யூரியா விலை ஏறினால் சம்சாரிக்குத்தான் அடி. பொட்டாஷுக்கும் அதே அளவு மானியம் கொடுங்கள் என்கிறேன். குலைநோய்க்கும் நெற்பழத்துக்கும் மருந்து வாங்கும் காசில் பாதி மிச்சமாகும்.

உரக்கடை வைத்திருக்கும் மாணவர்களுக்கும் ஒரு வார்த்தை. ராஜபாளையத்திலும் ஸ்ரீவில்லிபுத்தூரிலுமாக மூன்று பேர் இருக்கிறீர்கள், மூன்று பேரும் நல்லவர்கள், டீச்சரைக் கண்டால் டீ வாங்கித் தருகிறவர்கள். நெற்பழ உருண்டையைக் கையில் பிடித்துக்கொண்டு ஒருவர் கடைக்கு வந்தால், அவருக்கு விற்க உங்கள் அலமாரியில் மருந்து கிடையாது. பொதியில் இருக்கும்போது நுழைந்துவிட்ட பூஞ்சையைக் கதிர் முற்றும்போது எந்த மருந்தும் திருப்பி அனுப்பாது. தாமிர மருந்தோ புரோபிகோனசோலோ அடிப்பதென்றால் கண்ணாடி இலைப் பருவத்தில் ஒரு தரம், பாதிக் கதிர் பூத்தபோது ஒரு தரம். அதுவும் போன வருஷம் அந்த வயலில் நோய் வந்திருந்து, இந்த வருஷம் வானம் மூடாப்புப் போட்டிருந்தால்தான். "லேட்டாயிருச்சு அண்ணே, இனிமே அடிச்சுப் பிரயோசனமில்லை" என்று சொல்லி அனுப்புவதும் வியாபாரம்தான். அவர் அடுத்த வருஷமும் உங்கள் கடைக்கே வருவார்.

இப்போது நம் குடும்பத்தாருக்கு. மதினிமார், கொழுந்தன்மார், சென்னையிலும் பெங்களூரிலும் இருக்கும் மருமக்கள் எல்லோரும் இதைக் கொஞ்சம் கவனியுங்கள்.

நம்மில் பாதிப் பேருக்குக் கண்மாய்ப் பாசனத்தில் ஒன்றிரண்டு ஏக்கர் இருக்கிறது. உழுவது நாம் இல்லை. குத்தகைக்கு விட்டிருக்கிறோம். குத்தகை எடுத்தவர்களில் சிலர் என் வகுப்பில் படித்த பிள்ளைகள். போன வருஷம் அப்படி ஒரு புருஷன் பெண்டாட்டி, மூன்று ஏக்கர். பயிர் கொஞ்சம் வெளிறின மாதிரி இருக்கிறது என்று பொதி வரும் நேரத்தில் மேலுரமாக யூரியா போட்டிருக்கிறார்கள். பூக்கும்போது நாலு நாள் விடாத தூறல். உருண்டை வந்துவிட்டது. அறுவடை எந்திரம் ஓடும்போது மஞ்சள் தூள் புழுதியாகப் பறந்ததாம். வியாபாரி ஒரு கை அள்ளிப் பார்த்துவிட்டு, நிறம் கெட்ட நெல் என்று மூட்டைக்கு விலையைக் குறைத்தார். நிலத்துக்காரருக்குக் கொடுக்க வேண்டிய நெல் மட்டும் குறையவில்லை. அளந்து கொடுத்துவிட்டு, மிச்சத்தை விற்று, எந்திர வாடகையும் மருந்துக் கடனும் அடைத்தபின் அந்தப் பெண் என்னிடம் சொன்னது: "டீச்சர், ரேஷன் அரிசிதான் சாப்பிடுறோம்." மூன்று ஏக்கர் நெல் விளைவித்தவர்கள்.

பயிர்க் காப்பீடு இருக்கிறதே என்பீர்கள். காப்பீட்டுக்குப் பதிவு செய்ய கிராம நிர்வாக அலுவலர் தரும் அடங்கல் வேண்டும். வாய்ச்சொல் குத்தகைக்காரருக்கு அது சுலபமாகக் கிடைக்காது, ஏனென்றால் எழுதிக் கொடுத்தால் நிலம் போய்விடும் என்று நாம் பயப்படுகிறோம். கிடைத்தாலும், இழப்பீடு ஊர் முழுக்கச் சில இடங்களில் அறுத்துப் பார்த்து எடுக்கும் சராசரியில்தான். பக்கத்து வயல் தப்பித்து நம் வயல் மட்டும் நோயில் விழுந்தால் ஒன்றும் வராது.

ஆகவே நான் நேராகவே கேட்கிறேன். நோய் விழுந்த வருஷத்தில் குத்தகை நெல்லைக் குறைத்து வாங்குங்கள். வயலை நேரில் வந்து பாருங்கள், வர முடியாவிட்டால் படம் அனுப்பச் சொல்லுங்கள், கதிரில் எவ்வளவு போயிருக்கிறது என்று நானே எண்ணிச் சொல்கிறேன். லாபத்தில் பங்கு வாங்கும்போது "நம்ம நிலம்" என்கிறோம், நோய் வரும்போது "அவன் வெள்ளாமை" என்கிறோம். அதோடு, வாங்கும் இடத்தில் நாமும் இந்த நோயை வளர்க்கிறோம். "வீட்டுச் சாப்பாட்டுக்குப் பொன்னிதான் வேண்டும்" என்று குத்தகைக்காரரிடம் இரகத்தை நிர்ணயிப்பது யார்? அம்பாசமுத்திரம் ஆராய்ச்சி நிலையம் நம் தென்பகுதிக்கென்றே கொடுத்த ஏ.எஸ்.டி. 16 குண்டு அரிசி இட்லிக்குத்தான் லாயக்கு என்று முகம் சுளிப்பது யார்? எந்த இரகம் போடுவது என்பதை வயலில் நிற்பவர் முடிவு செய்யட்டும்.

எனக்குத் தெரிந்த ஒரு சின்ன மனத்தாங்கலையும் சொல்லிவிடுகிறேன். இந்த விஷயத்தை நேரில் சொன்னபோது சொந்தத்தில் ஒருவர், "அதெல்லாம் பார்த்தா நிலம் வச்சிருக்க முடியாது" என்றார். நிலம் வைத்திருக்க முடியும். அந்த நிலத்தில் உழைக்க ஆள்தான் இருக்காது. அந்தப் பிள்ளைகளின் மகன் ஏற்கெனவே நூற்பாலைக்கு வேலைக்குப் போய்விட்டான்.

கேட்டவர்களுக்கு மட்டும் மிச்சக் குறிப்பு. இலை வண்ண அட்டை என்று ஒன்று வேளாண் துறையில் கிடைக்கும். இலையின் பச்சையை அட்டையோடு ஒப்பிட்டுப் பார்த்து, வெள்ளைப் பொன்னிக்கு 3, மற்ற இரகங்களுக்கு 4 என்ற நிறத்துக்குக் கீழே போனால் மட்டும் யூரியா போட வேண்டும். பக்கத்து வரப்புக்காரர் பயிரைப் பார்த்துப் போடக் கூடாது. நோய் வந்த வயலில் விதை எடுக்காதீர்கள். வேறு வழியில்லை என்றால் உப்புக் கரைசலில் போட்டு மிதப்பதை எல்லாம் எறிந்துவிட்டு, அடியில் தங்கியதை நல்ல தண்ணீரில் இரண்டு மூன்று தரம் அலசி, கிலோவுக்கு 10 கிராம் சூடோமோனாஸ் கலந்து விதையுங்கள். முட்டை மிதக்கும் அளவு உப்பு என்பது நம் ஆத்தாக்கள் காலத்துக் கணக்கு, இன்றைக்கும் சரியான கணக்கு. கம்பு போடுகிறவர்கள் தேனொழுகல் நோய் வந்த விதைக்கும் இதையே செய்யலாம், 10 லிட்டர் தண்ணீருக்கு 1 கிலோ உப்பு. அரவை ஆலையில் உமிச்சாம்பல் கிடைத்தால் விடாதீர்கள், அதில் பெரும்பாலும் சிலிக்காதான், வயலுக்குத் திரும்பப் போகட்டும். வரப்பில் முளைத்த புல்லை அறுவடைக்குப் பின்னும் விட்டு வைக்காதீர்கள்.

வைக்கோலைப் பற்றி நேற்று ஒரு மருமகள் கேட்டிருந்தாள். உருண்டை நிறைய வந்த வயல் வைக்கோலாக இருந்தால், கதிர்ப் பக்கம் உதறி, கருப்பு உருண்டை ஒட்டியிருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் போடு. சினை மாட்டுக்கு மட்டும் வேண்டாம். வேறு வைக்கோல் ஒரு கட்டு என் வீட்டுப் பின்கட்டில் இருக்கிறது, சாயங்காலம் பையனை அனுப்பி எடுத்துக்கொண்டு போகச் சொல்.